குளத்துக்குப் போகாத நியூட்ரல்

போன மாதம் ஆரம்பாக்கத்தில் வயர்மேன்கள் கூடிய ஒரு கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். கரன்ட் கசிந்தால் தானாக விழுந்துவிடும் ஆர்.சி.சி.பி. சுவிட்சை இப்போது இறால் பண்ணைகளில் எல்லோரும் போடத் தொடங்கியிருக்கிறார்கள். அது வருவதற்கு முன்னால் நாங்கள் எப்படிச் சமாளித்தோம் என்று சொல்ல வேண்டுமாம். நாலு பேருக்கு முன்னால் நின்று எனக்குப் பேச வராது. மைக்கைக் கையில் கொடுத்ததும் "வணக்கம்" என்றேன். அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. கீழே இறங்கி டீ குடிக்கும்போது ஒரு தம்பி பக்கத்தில் வந்து கேட்டார்: "அண்ணே, பெரிய மோட்டாரு மூணு பேஸ்ல ஓடுது. அதுக்கு நியூட்ரலே வேணாம். அப்புறம் இன்னாத்துக்கு நீங்க எங்க போனாலும் நியூட்ரல் எங்கனு மொதல்ல தேடுறீங்கோ?"

"எழுதித் தரேன் தம்பி" என்றேன். எழுத உட்கார்ந்தால் பேசுவதைவிடக் கொஞ்சம் சுலபமாகத்தான் இருக்கிறது.

நான் ஏழுமலை, கோட்டைக்குப்பத்துக்காரன். நைனா ஊரை ஒட்டிய உப்பு ஏரியிலும் கடலிலும் மீன் தொழில் செய்தவர். எனக்குப் படகில் ஏறினால் குமட்டும். அதனால் பத்தாவது முடித்ததும் ஐஸ் கம்பெனியில் சேர்த்துவிட்டார். அங்கே வேலை பழகினேன், வயர்மேன் லைசென்ஸ் வாங்கினேன், கல்யாணமும் ஆயிற்று. பிறகு ஐஸ் கம்பெனிகளுக்கும் இறால் பண்ணைகளுக்கும் மோட்டார் பொருத்திக் கொடுக்கும் ஒரு கான்ட்ராக்ட் கம்பெனியில் கடைசிவரை இருந்தேன். முட்டி ஒத்துழைக்காததால் போன பொங்கலோடு நின்றுவிட்டேன்.

ஐஸ் கம்பெனியில் இருந்தபோது நடந்த ஒன்றை முதலில் சொல்ல வேண்டும். நியூட்ரல் என்றால் என்ன என்று எனக்கு உறைத்தது அன்றுதான். ஒரு நாள் காலை கணக்குப்பிள்ளை அறையில் இருந்த பல்பு வெள்ளை வெளேரென்று எரிந்தது. அவருக்கு ஒரே சந்தோஷம்.

"இன்னிக்குத்தான்யா கரன்ட்டு கரன்ட்டு மாதிரி வருது!" என்று எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார்.

அடுத்த அறையில் ஃபேன் சுற்றவே இல்லை. அதை அவர் கவனிக்கவில்லை. போர்டைத் திறந்து பார்க்க நான் ஸ்டூலைத் தேடிக்கொண்டிருந்தபோதே பல்பு வெடித்தது. டி.வி.யிலிருந்து புகை வந்தது. ஆனால் ஐஸ் போடும் பெரிய கம்ப்ரசர் மோட்டார் மட்டும் ஒன்றுமே நடக்காதது போல ஓடிக்கொண்டிருந்தது.

போர்டுக்கு வரும் நியூட்ரல் ஜாயின்ட்டை உப்புக் காற்று தின்றிருந்தது. பேஸ் என்பது கரன்ட் வரும் கம்பி; மூன்று பேஸில் போகும் கரன்ட் திரும்பி வருவதற்குப் பொதுவாக இருக்கிற வழி நியூட்ரல். அந்த வழி அறுந்துபோனால் ஒரு பேஸில் இருக்கிற பல்பும் இன்னொரு பேஸில் இருக்கிற ஃபேனும் தங்களுக்குள்ளேயே வோல்டேஜைப் பங்கு போட்டுக்கொள்ளும். பங்கு சமமாக இருக்காது. குறைவாகக் கரன்ட் இழுக்கிற சாமான் தலையில் அதிக வோல்டேஜ் விழும். மோட்டாருக்கு மூன்று பேஸ் இருந்தால் போதும். அது ஓடுவதை வைத்து நியூட்ரல் நன்றாக இருக்கிறது என்று சொல்லவே முடியாது. அன்றைக்குப் போனது ஒரு பல்பும் ஒரு டி.வி.யும். அதோடு விட்டதே என்று இருந்தது.

கான்ட்ராக்ட் கம்பெனியில் என் சூப்பர்வைசர் ஸ்டெல்லா மேடம். என்னைவிட வயதில் சின்னவர். டிப்ளமோ படித்தவர். எந்தப் பண்ணைக்கும் ஸ்கூட்டரில்தான் வருவார். ஹெல்மெட்டைக் கழற்றுவதற்கு முன்பே ஒரு கேள்வி கேட்பார்: "இப்ப எது எது ஓடுது?" எது கெட்டுப்போயிருக்கிறது என்றோ, யார் கெடுத்தது என்றோ கேட்க மாட்டார். அதைக் கேட்டால் ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள், நேரம் போய்விடும் என்பார். யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை. ஆனால் செய்த வேலையை அவர் ஒரு முறை தானே சோதிக்காமல் போனதும் இல்லை. அது சந்தேகத்தால் அல்ல என்று எனக்குப் புரிய ரொம்ப நாள் ஆயிற்று.

அவர் சோதிக்கும் முறையை அப்படியே எழுதுகிறேன். டெஸ்ட் லாம்ப் என்பது இரண்டு வயர் முனை விட்ட ஒரு பல்பு. அதை முதலில் கரன்ட் நிச்சயமாக இருக்கிற இடத்தில் வைத்து எரிகிறதா என்று பார்ப்பார். பிறகு மெயினை அணைத்து, பூட்டுப் போட்டு, வேலை செய்ய வேண்டிய இடத்தில் வைப்பார். எரியாது. அதோடு நம்பிவிட மாட்டார். மறுபடியும் கரன்ட் இருக்கிற இடத்துக்குப் போய் எரிகிறதா என்று பார்ப்பார். "நடுவுல லாம்பே செத்துப்போயிருந்தா என்னண்ணே பண்ணுவீங்க?" என்பார். வேலை முடிந்து மெயின் போட்டதும் ஒவ்வொரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே ஒரு முறை, ஒவ்வொரு பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே ஒரு முறை. கடைசியாக நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே. அங்கே எரியக் கூடாது.

"நியூட்ரல் வேலைக்குப் போற வழி. தெனமும் கரன்ட் அதுல நடக்கும். எர்த்து ஆபத்துக்கு வெச்ச வழி. அதுல சாதாரண நாள்ல ஒரு ஈ கூட நடக்கக் கூடாது" என்று அவர் சொன்னது எனக்கு மனப்பாடம்.

எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. சுற்றி உப்புத் தண்ணீர், காலடியில் உப்புச் சேறு, இதைவிட நல்ல எர்த் எங்கே கிடைக்கும் என்பார்கள். ஒரு கம்பியைச் சேற்றில் குத்தி, பேஸுக்கும் அந்தக் கம்பிக்கும் நடுவே பல்பு போட்டால் ஜோராக எரியும். பல்பு எரிகிறது, ஆகவே எர்த் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடுவார்கள். மேட்டு நிலத்தில் இப்படிச் செய்தால் பல்பு மினுக்கென்று எரிந்து காட்டிக் கொடுத்துவிடும். இங்கே உப்புத் தண்ணீர் காட்டிக் கொடுக்காது. அதுதான் இந்த ஊரில் பெரிய ஆபத்து.

சுண்ணாம்புக்குளத்துக்கு அந்தப் பக்கம் வெங்கடேசலு என்பவரின் பண்ணையில் அது எனக்குத் தெரிந்தது.

நாலு குளம். ஒவ்வொன்றிலும் ஏரேட்டர்கள் மிதந்தன. ஏரேட்டர் என்பது சக்கரத்தால் தண்ணீரை அடித்து இறாலுக்குக் காற்று ஏற்றும் மோட்டார்; மிதவைமேல் இரும்புச் சட்டம், சட்டத்தின்மேல் மோட்டார். பம்ப் ஷெட்டில் இருந்த போர்டிலிருந்து ஒவ்வொரு குளத்துக்கும் மூன்று பேஸும் ஒரு எர்த் கம்பியும் போயின. மோட்டாருக்கு நியூட்ரல் தேவையில்லை என்பதால் நியூட்ரல் போகவில்லை. அந்த வயரிங் எங்கள் கம்பெனி செய்ததல்ல. மோட்டார் ரிப்பேர் என்றால் மட்டும் எங்களைக் கூப்பிடுவார்கள்.

அன்று என்னைக் கூப்பிட்டது காவல்காரர் ஜெயபால். கரையில் ஓலைக் குடிசை போட்டு அங்கேயே இருப்பவர். முதல் குளத்தில் அறுவடை. முந்தின நாள் சாயங்காலமே மதகைத் திறந்து தண்ணீரை வடியவிட்டிருந்தார்கள். நான் போனபோது விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. அந்தக் குளத்தின் ஏரேட்டர்களை அணைத்திருந்தார்கள். மற்ற மூன்று குளங்களிலும் அவை தண்ணீரை அடிக்கும் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்கவில்லை.

"வாண்ணே. இந்த ஃபேனைப் பாரு, பேஜாரா கீது" என்றார் ஜெயபால். "நேத்து வரைக்கும் ஜோராச் சுத்திச்சி. குளத்துல தண்ணி எறங்க எறங்க இதுவும் எறங்கிக்கினே போவுது. கொசு என்னைத் தூக்கிக்கினு போவப் பார்த்துச்சி."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பல்பும் மஞ்சளாகச் சோர்ந்து எரிந்தது. நான் ஃபேனைத் தொடவில்லை. வயர் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தேன். பம்ப் ஷெட்டிலிருந்து கம்பம் வழியாகக் குடிசைக்கு ஒரே ஒரு வயர் வந்தது. இன்னொரு வயர் குடிசைக்கு வெளியே போய், ஏரேட்டர்களுக்குப் போகும் எர்த் கம்பியில் முறுக்கி விடப்பட்டிருந்தது.

"நியூட்ரல் எங்க ஜெயபால்?"

"அதான் எர்த்து கீதேண்ணே. ஏரியே நமக்கு எர்த்து. வந்த நாள்லருந்து இப்படித்தான் எரியுது, நானேதான் போட்டேன்."

பெருமையாகச் சொல்லிவிட்டு ஒரு வாளித் தண்ணீரில் வெந்நீர் ராடைப் போட்டார். "ஆளுங்களுக்கு இன்னொரு ரவுண்டு டீ போட்றேன், நீயும் குடி" என்று சுவிட்ச் பக்கம் கையை நீட்டினார்.

நான் அவர் கையைப் பிடித்து இழுத்து, பிளக்கைப் பிடுங்கினேன். ஃபேன், பல்பு எல்லாவற்றையும் அணைத்தேன். தண்ணீர் இறங்கினால் ஃபேன் ஏன் மெதுவாகச் சுற்ற வேண்டும்? அந்தக் குளத்து எர்த் கம்பி மண்ணுக்குப் போகிற இடத்தில் எங்கோ அறுந்திருக்கிறது. இத்தனை நாளும் குடிசையின் கரன்ட் எர்த் கம்பி வழியாக ஏரேட்டர் சட்டத்துக்குப் போய், சட்டத்திலிருந்து குளத்து உப்புத் தண்ணீருக்குள் இறங்கித்தான் திரும்பியிருக்கிறது. தண்ணீர் வடிந்து மிதவைகள் சேற்றில் உட்கார்ந்ததும் சட்டம் தண்ணீரைவிட்டு மேலே வந்துவிட்டது. கரன்ட்டுக்குப் போகச் சரியான வழியில்லை. வழி கிடைக்காத கரன்ட் அந்த இரும்பிலேயே நின்றுகொண்டிருக்கிறது. முழங்கால் தண்ணீரில் நின்று அந்த இரும்பைத் தொடுகிறவன்தான் அதற்கு வழி.

குடிசையை அணைத்துவிட்டேன், ஆனால் இதே மாதிரி வேறு எங்கே முறுக்கி வைத்திருக்கிறாரோ தெரியாது. குடிசை வாசல் வழியாகக் குளம் தெரிந்தது. வலை இழுப்பதற்கு முன்னால் ஏரேட்டர்களைக் கரையேற்ற வேண்டும். விடியும் முன்பே ஒரு முறை இறங்கி ஏறியிருந்த அறுவடை ஆட்கள் அதற்காக மறுபடியும் இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஏரியில் கையாலேயே இறால் தடவிப் பிடித்துப் பிழைக்கிற குடும்பங்கள். அவர்களுக்கு முன்னால் நின்று வேலை சொல்கிறவர் தேசம்மா. அவர் வீட்டுக்காரர் முனுசாமி கயிறும் கையுமாக எல்லோருக்கும் முன்னால் ஏரேட்டரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்.

"தொடாதீங்க!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. கரையோரம் ஓடினேன். மறுபடியும் கத்தினேன். யாரும் திரும்பவில்லை. முனுசாமி சட்டத்துக்குப் பக்கத்தில் போய்விட்டார். குனிந்து ஒரு சேற்றுக் கட்டியை எடுத்து அவர் முதுகைப் பார்த்து எறிந்தேன். அது அவர்மேல் படவில்லை. அடுத்தது சரியாகத் தோளில் பட்டது.

"எவன்டா அவன்?" என்று திரும்பினார். "யோவ், உனக்கு இன்னா கிறுக்கா புச்சிகீது?"

இரண்டு கையையும் தூக்கி வேண்டாம் வேண்டாம் என்று ஆட்டினேன். அவர் என்னை அடிப்பதற்காகக் கரையைப் பார்த்து வரத் தொடங்கினார். என் வாழ்க்கையில் ஒருவர் என்னை அடிக்க வருவதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டது அன்று ஒரு நாள்தான்.

அதற்குள் வெங்கடேசலுவும் வந்துவிட்டார். நான் எல்லோருக்கும் நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டு "கரன்ட், இரும்புல கரன்ட்" என்று மட்டும் சொன்னேன்.

"ஏமய்யா, சுவிட்ச நானே ஆஃப் பண்ணிட்டு வந்தேன். கரன்ட் எங்கருந்து வரும்?" என்றார் அவர்.

தேசம்மா மட்டும் தண்ணீரில் நின்றபடியே என்னைக் கூர்ந்து பார்த்தார். "இன்னாபா சொல்ற? காலைலருந்து கால்ல சுள்ளுசுள்ளுனு கடிக்குது. ஏரித் தண்ணியோட சொறி பூந்துகீதுனு எல்லாரையும் வேப்பெண்ண பூசிக்கச் சொன்னேன்." சொறி என்று நாங்கள் சொல்வது ஜெல்லி மீனை, பட்டால் சுருக்கென்று இருக்கும். "அந்த ஜெயபால் மொத டீ போட்டப்போ ரொம்பக் கடிச்சிச்சி. இப்போ நின்னுபூட்ச்சி."

அவர் சொன்னது எல்லாம் பொருந்தியது. ராட் போட்டபோது அதிகம் கடித்திருக்கிறது. நின்றது சொறி போனதால் அல்ல, சட்டம் தண்ணீரைவிட்டு விலகியதால். ஆனால் அதை அவர்களுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஸ்டெல்லா மேடத்துக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"இப்ப எது எது ஓடுது?" என்றார். சொன்னேன். குடிசையில் எல்லாவற்றையும் அணைத்ததையும் சொன்னேன்.

"ஆளுங்க எங்க நிக்கிறாங்க?"

"பாதிப் பேர் தண்ணிலதான் மேடம்."

"ஏரேட்டர் பக்கம் போகாம எதிர்க்கரைல ஏறச் சொல்லுங்க. யாரும் கயிறை இழுக்க வேணாம், போட்டுட்டு வரச் சொல்லுங்க. அப்புறம் எர்த் கம்பிய லாம்ப் வெச்சுப் பாருங்க. குடிசை அணைச்சதோட முடிஞ்சுதுன்னு நெனைக்காதீங்க அண்ணே."

எல்லோரும் ஏறினார்கள். முனுசாமி மட்டும் முணுமுணுத்துக்கொண்டே ஏறினார். நான் பம்ப் ஷெட்டுக்குப் போய் லாம்ப் எரிகிறதா என்று முதலில் பார்த்துக்கொண்டேன். பிறகு ஒரு கடப்பாரையைக் கரை ஈரத்தில் ஆழமாக இறக்கி, லாம்பின் ஒரு முனையை அதிலும் மறு முனையை எர்த் கம்பியிலும் வைத்தேன்.

லாம்ப் எரிந்தது.

குடிசை முழுவதும் அணைந்திருந்தும் எரிந்தது. வெங்கடேசலு அதைப் பார்த்தார். பிறகு எதிர்க்கரையில் இருந்த தீவன ஷெட்டைப் பார்த்தார். ஜெயபால் அந்தப் பக்கம் கையைக் காட்டினார். "அங்கியும் ஒரு ஃபேனு, ஒரு லைட்டு கீதுண்ணே. அதே மாதிரிதான் போட்டேன்."

இரண்டு இடத்துக்கும் பேஸ் வயரைப் போர்டில் சுவிட்சுக்கு முன்னாலேயே எடுத்திருக்கிறார். குளத்து சுவிட்சை எத்தனை முறை அணைத்தாலும் அது சாகாது. கழற்ற வேண்டுமானால் பண்ணை மெயினையே எடுக்க வேண்டும். மெயினை எடுத்தால் மற்ற மூன்று குளங்களும் நின்றுவிடும். விடியற்காலையில் தண்ணீரில் காற்று குறைவு. ஏரேட்டர் நின்றால் இறால் மூச்சுக்கு மேலே வந்துவிடும், கொஞ்ச நேரத்தில் சாகத் தொடங்கும்.

"ஆளுங்கதான் மேல ஏறிட்டாங்களே ஏழுமலை" என்றார் வெங்கடேசலு, தயங்கித் தயங்கி. "வெயில் ஏறட்டும், அப்புறம் மெயினை எடுக்கலாமே?"

நான் பதில் சொல்வதற்குள் போனிலிருந்து மேடம் குரல் வந்தது. "மேல ஏறிட்டாங்கன்னு நம்ப முடியாதுங்க. யாராவது ஒருத்தர் கால் கழுவ எறங்குவாங்க. எறங்கினவங்க கைக்குப் பக்கத்துல அந்த இரும்புதான் இருக்கும்."

அவர் சொல்லி முடிக்கும்போது தேசம்மா கூட்டத்தில் ஒரு பெண் சேற்றுக் காலோடு தண்ணீரைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தாள். தேசம்மா அவள் முடியைப் பிடித்து இழுத்து நிறுத்தினார். "செத்துப்போவியாடி!"

வெங்கடேசலு மூன்று குளங்களையும் ஒரு தடவை பார்த்தார். "போனா போவட்டும்யா. ஆஃப் பண்ணு" என்றார்.

மெயினை எடுத்தேன். ஒவ்வொரு குளமாக ஓசை அடங்கியது. அப்போதுதான் முதல் முறையாக அங்கே நிற்கிறவர்களின் மூச்சுச் சத்தம் எனக்குக் கேட்டது. பூட்டுப் போட்டு, லாம்ப் வைத்துப் பார்த்து, மறுபடியும் பார்த்து, இரண்டு வயர்களையும் போர்டிலிருந்தே கழற்றினேன். எர்த் குழியின் மூடியைத் திறந்தால், அந்தக் குளத்துக் கம்பியைப் பிடித்திருந்த கிளாம்ப் தொட்டதும் துருப்பொடியாக உதிர்ந்தது. பையில் இருந்த புதுக் கிளாம்பையும் செம்பு வயரையும் போட்டு இறுக்கினேன். பக்கத்துக் குளத்தில் இறால் மேலே வந்து மீசையை நீட்டுகிறது என்று யாரோ ஓடிவந்து சொன்னார்கள். என் கை வேகமாக ஓடியது என்று சொல்ல மாட்டேன். அதே வேகத்தில்தான் ஓடியது. வேகப்படுத்தினால் தப்பு வரும் என்பது மட்டும் ஞாபகத்தில் இருந்தது. அறுவடைக் குளத்தின் பேஸ் மூன்றையும் கழற்றி வைத்துவிட்டு மெயினைப் போட்டேன். மூன்று குளங்களும் மறுபடி இரைந்தன. இறால் உள்ளே போய்விட்டது. சேதம் இல்லை.

அந்தப் பண்ணையில் பிறகு செய்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன், அந்தத் தம்பி கேட்டது இதைத்தான். மற்றக் குளங்களிலும் அதே கதைதான்; எல்லா முறுக்கு வயர்களையும் எடுத்தோம். எந்தக் குளத்துக்கு மூன்று பேஸ் போனாலும் கூடவே தனி நியூட்ரலும் இழுத்தோம், மோட்டார் கேட்காவிட்டாலும். எர்த்தை இரண்டு தனித்தனிக் குழிகளுக்குக் கொண்டுபோனோம். குடிசைகளுக்குத் தனி சுவிட்ச், அப்போது எங்கள் பக்கம் யாரும் போடாத, கசிந்தால் விழுகிற சுவிட்ச். மோட்டார் இருக்கிற இடத்தில் ஒரு காவல்காரர் இருப்பார். அவருக்கு ராத்திரி வெளிச்சமும் ஒரு ஃபேனும் வேண்டும். நாம் நியூட்ரல் கொடுக்கவில்லை என்றால் அவர் எர்த்தில் எடுத்துக்கொள்வார். அதனால்தான் தம்பி, நான் நியூட்ரலை முதலில் தேடுகிறேன்.

அன்று காலைக்கு வருகிறேன். ஸ்டெல்லா மேடம் ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தார். நான் சோதித்த எல்லாவற்றையும் முதலிலிருந்து அவர் சோதித்தார். கடப்பாரையில் லாம்பை வைத்தபோது அது எரியவில்லை. ஜெயபால் ஒரு ஓரமாகத் தலையைத் தொங்கவிட்டு நின்றார். "ஃபேன் வேணும்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே ஜெயபால். ஒரு வயர் சேர்த்து இழுத்திருப்போம்" என்றார் மேடம். அவ்வளவுதான்.

குளத்தில் இறங்கலாம் என்று மேடம் சொன்னார். யாரும் அசையவில்லை. முனுசாமி கூடக் கரையிலேயே நின்றார். தேசம்மா என்னைப் பார்த்தார்.

"நீ சொன்னேனு ஏறினோம். இப்போ நீ சொல்லு."

எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. கடிக்கவில்லை. ஏரேட்டர் பக்கத்தில் போய், போர்டில் என் கையால் கழற்றியதையெல்லாம் மனதுக்குள் ஒரு தடவை வரிசையாக எண்ணிப் பார்த்தேன். பிறகு இரண்டு கையாலும் சட்டத்தைப் பிடித்தேன்.

குளிர்ந்து, சேறு படிந்து, துருவேறி இருந்தது. வெறும் இரும்பு.

"புடி" என்று முனுசாமி எனக்குப் பின்னாலிருந்து குரல் கொடுத்தார். அவர் கை என் கைக்குப் பக்கத்தில் வந்து பற்றியது, அதற்குப் பக்கத்தில் தேசம்மாவின் கை, பிறகு மற்றவர்கள். எல்லோரும் சேர்ந்து இழுத்தோம்.